டிரெய்லரைக் கழுவியாயிற்று, சம்பந்தி

பாசத்துக்குரிய முத்தையா சம்பந்திக்கு,

உங்கள் டிரெய்லரை மாமரத்தடியிலிருந்து வெளியே இழுத்துவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்திருந்தால் போனை எடுத்ததும் அதைத்தான் கேட்பீர்கள். சாப்பிட்டீர்களா, தோட்டத்தில் காய்ப்பு எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வைகாசியில் நீங்கள் போனீர்கள். அதற்கு முந்தைய வாரம்தான் மறையூர்ப் பக்கம் போய்விட்டு வந்து, வண்டியை எங்கள் தோப்பில் நிறுத்திவிட்டு, “மழைக்கு முன்னால மேல் மூடிய ஒரு தடவ பார்த்துரணும்” என்று சொல்லிவிட்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினீர்கள். அப்புறம் உங்கள் மகன் வீட்டில் நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மேல் மூடியை யாரும் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, மறுநாள் உங்கள் சாவுக்கு நான் கோடித்துணி வாங்கிக்கொண்டுதான் வந்தேன். சம்பந்தி முறைக்குச் செய்ய வேண்டியதுதானே என்று வழியில் பொள்ளாச்சியில் இறங்கி வாங்கினேன். வாசலில் உங்கள் உறவுக்காரர் ஒருவர் என்னைத் தடுத்தார். “பிள்ளைங்கதான் கோர்ட்டுல அத்துக்கிட்டாங்கள்ல. அப்புறம் என்ன சம்பந்தி முறை?” என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றேன். உங்கள் வீட்டம்மாதான் உள்ளிருந்து எழுந்து வந்தார்கள். “குடுங்கண்ணே” என்று வாங்கி, அவர்களே உங்கள் மேல் போர்த்தினார்கள்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

என் மகள் சுகன்யாவும் உங்கள் மகன் பிரபுவும் கோயம்புத்தூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, அவர்களே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம் அது. என் பங்காளிகளில் பாதிப்பேர் வரவில்லை. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் வீட்டில் போய்ப் பெண் கொடுக்கிறானே என்று பேசினார்கள். மண்டபத்தில் ஆளில்லாமல் நாம் இருவரும்தான் பந்தி விசாரித்துக்கொண்டு அலைந்தோம். அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். அது நம் பிள்ளைகளின் கல்யாணத்தைவிட நீண்ட நாள் நின்றுவிட்டது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீங்கள். ஓய்வு பெற்றதும் எஸ்டேட்டுக்காரர்கள் வீட்டைத் திருப்பிக் கேட்டார்கள். மகன் வீட்டுக்குப் போனீர்கள். போன கொஞ்ச நாளில், மூடிப்போன ஏதோ சுற்றுலாக் கம்பெனியிடமிருந்து இந்தப் பழைய டிரெய்லரை வாங்கினீர்கள். இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, ஒரு தொட்டி, மேலே காற்றுக்கு ஒரு மூடி. அடுக்ககத்தில் நிறுத்த இடமில்லை என்று எங்கள் தோப்புக்குக் கொண்டுவந்தீர்கள். தோப்பில் மாங்காய் பறிக்க வருகிறவர்கள் அதைச் ‘சக்கர ஊடு’ என்றார்கள். இழுப்பதற்கு என் ஜீப், பழுது பார்ப்பதற்கு நீங்கள். பிள்ளைகள் பிரிந்த பிறகும் அந்த ஏற்பாடு மாறவில்லை. ஒரே ஒரு சட்டம் மட்டும் புதிதாகப் போட்டீர்கள்: “வண்டிக்குள்ள பிள்ளைங்க பேச்சு கிடையாது, சம்பந்தி.” மலை ஏறி, எங்காவது ஓரமாக நிறுத்தி, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, நீங்கள் தூளைக் குறை சொல்வீர்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் நாம் செய்தது.

நீங்கள் போன பின் ஒரு மழைக்காலமும் ஒரு பூக்காலமும் அது மரத்தடியிலேயே நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது என்றும் சொல்லலாம்.

சித்திரைக் கடைசியில், காய் எல்லாம் லாரி ஏறின பிறகு, ஒரு போன் வந்தது. “சார், நான் பிரபு பேசுறேன்.” முன்பு மாமா என்பான். என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று அவனும் யோசித்திருப்பான், பாவம். மூணாறில் ஒரு விடுதிக்காரர் டிரெய்லரை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், அதற்கடுத்து விடுதிக்காரர் வருவார் என்றான். நான் சரி என்றேன். உங்கள் வண்டி, உங்கள் மகன். நான் வேறு என்ன சொல்வது? “அதுக்குள்ள கழுவி வெக்கிறேன் தம்பி” என்றேன்.

கழுவுவது அவ்வளவு லேசாக இருக்கவில்லை.

மாமரத்தடியில் நிறுத்தக் கூடாது என்று நீங்கள் சொன்னது சரிதான். பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சி இருந்துவிட்டால் இலையெல்லாம் தேன்போல ஒழுகும், கீழே இருப்பதெல்லாம் பிசுபிசுக்கும், பிறகு அதன்மேல் கரும்பூசணம் பிடிக்கும். உங்கள் வெள்ளை வண்டி அடுப்புக்கரி போட்டுத் தேய்த்த மாதிரி நின்றது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பை எடுத்து அடித்துவிடலாம் என்று குழாயை இழுத்தேன். சுகன்யா வந்து தடுத்தாள்.

“அப்பா, அத்தனை வேகமா அடிச்சீங்கன்னா தண்ணி இடுக்கு வழியா உள்ள போயிருமுங்க. துணி வெச்சுத் தொடைங்க.”

அவள் இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். கொல்லங்கோட்டில் ஒரு கணக்கு ஆபீசில் வேலை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, பழைய வேட்டியைக் கிழித்து, ஏணியில் ஏறிவிட்டாள். ஜன்னலைத் தேங்காய் நாரால் தேய்க்கப் போனபோது மட்டும் நான் சத்தம் போட்டேன். அது கண்ணாடி இல்லை, கனத்த பிளாஸ்டிக், கீறல் விழும் என்று எனக்கு நீங்கள் போட்ட சத்தத்தையே அவளுக்குப் போட்டேன்.

வெளிப்புறம் வெளுத்த பிறகு கதவைத் திறந்தோம். ஈரச்சாக்கு வாடை. மெத்தையில் பூஞ்சணம். எலி கட்டிலுக்கடியில் கூடு வைத்து, பின்விளக்குக்குப் போகிற வயரைக் கடித்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் பச்சையாக வழவழவென்று ஏதோ. மெத்தையை வெயிலில் போட்டோம், வினிகர் தொட்டுத் துடைத்தோம், தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, வாடை போகிறவரைக்கும் அலசி அலசிக் கொட்டினோம். இதெல்லாம் வேலைதான், கஷ்டம் என்று சொல்ல மாட்டேன்.

கஷ்டம் தரையில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, கால் வைத்தால் அமுங்கியது. மேலே விரித்திருந்த ஷீட் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டம்மா காபி கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, விக்கிற வண்டிக்கு என்னத்துக்குங்க இத்தனை பாடு? மேல ஒரு புது ஷீட்ட விரிச்சு உடுங்க. வாங்கறவன் பாத்துக்குவான்.”

அவள் சொன்னதும் நியாயம்தான். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். உங்கள் வண்டியை இன்னொருவன் காலடியில் உடையும்படி விற்கலாமா என்று பெரிதாகவெல்லாம் யோசிக்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட வேண்டுமே, நாள் போதுமா என்றுதான் யோசித்தேன். அதற்குள் சுகன்யா ஷீட்டின் ஓரத்தைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். கீழே பலகை கறுத்து, கையால் அள்ளுகிற மாதிரி இருந்தது.

“இதுல யாராச்சும் படுப்பாங்கப்பா” என்றாள்.

ஆசாரி வந்தார். பார்த்ததும், “இது மொத்தம் போயி” என்று மலையாளத்தில் கையை விரித்தார். அறுத்து எடுத்துப் புதுப் பலகை போட்டார். பலகை மாற்றினால் மட்டும் போதுமா? தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா? மேல் மூடியைச் சுற்றி நீங்கள் வைத்திருந்த பசை வெயிலில் வெடித்திருந்தது. சொட்டு சொட்டாக இறங்கி, சுவருக்குள்ளேயே வழிந்து, தரைக்கு வந்திருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொன்னது அதைத்தான்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாக வைத்தேன். மறுநாள் சோதனை. நான் ஏணியில் நின்று குடம் குடமாக ஊற்ற, சுகன்யா உள்ளே டார்ச் அடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒழுகுதா?”

“இல்லீங்கப்பா. இன்னும் ஊத்துங்க.”

“இப்போ?”

“இல்லீங்க.”

கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்தே கேட்டாள். “அப்பா, நாங்க பிரிஞ்ச பொறவும் நீங்க ரெண்டு பேரும் இதுல போயிட்டுத்தான இருந்தீங்க?”

“ஆமா.”

“எனக்கு மொதல்ல கோவமா இருந்துச்சுங்க. நம்ம பக்கம் இருக்க வேண்டிய அப்பா அங்க போறாரேன்னு.”

நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்புறம் யோசிச்சேன். மாமா எனக்கு ஒண்ணும் பண்ணலையே. பிரபுவும்கூட ஒண்ணும் பண்ணலைங்கப்பா. எங்களுக்கு ஒத்து வரல, அவ்வளவுதான். சரி, ஊத்துங்க. இந்த மூலைல இன்னும் ஊத்தலை.”

ஊற்றினேன். வண்டிக்குள் பிள்ளைகள் பேச்சு கூடாது என்ற உங்கள் சட்டத்தை உங்கள் மருமகளே உடைத்தாள் என்று பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் ஒழுகவில்லை.

சக்கரம்தான் மிச்சம். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு. அது மாற்றத்தான் வேண்டும். பேரிங்கைக் கழற்றினேன். கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, உள்ளங்கையில் கிரீஸை வைத்து, நீங்கள் செய்கிற மாதிரியே அழுத்தி அழுத்தி ஏற்றினேன். “மேல பூசுனா அது மூஞ்சிக்குப் பவுடர் போட்ட மாதிரி. உள்ள போகணும், சம்பந்தி” என்பீர்கள். உள்ளே போனதா என்று எனக்கு எப்போதுமே சந்தேகம்தான். நீங்கள் விரலால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டு, சரி என்பீர்கள். நானும் சுழற்றிக் கேட்டேன். சத்தம் வரவில்லை. சத்தம் வராதது நல்லதுதானே?

ஒரு சக்கரம் முடிந்து இன்னொன்று ஜாக்கியில் நின்றபோதுதான் பிரபு வந்தான், அம்மாவோடு. சொன்னதற்கு ஒரு நாள் முன்னாலேயே. கொஞ்சம் இளைத்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து உதவிக்கொண்டிருந்த சுகன்யா கை முழுக்கக் கிரீஸோடு எழுந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உங்கள் பிள்ளை முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, “சுகன்யா, அந்த ஸ்பேனர எடு” என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள். சக்கரத்தை மாட்டினார்கள். அதற்குமேல் ஏதாவது நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை.

உங்கள் வீட்டம்மா நேராகப் படியேறி உள்ளே போனார்கள். தொட்டிக் குழாயைத் திறந்து மூடினார்கள். புதுத் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்கள். பிறகு மெத்தையில் சாய்ந்துவிட்டார்கள். வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். கண்ணைத் திறந்துகொண்டு, மேல் மூடி வழியாக ஓரத்தில் தெரிந்த மாங்கிளை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னைய ஒரு தடவதாண்ணே இதுல கூட்டிட்டுப் போனாரு. மத்ததெல்லாம் உங்களோடதான்” என்றார்கள்.

ஏன் சம்பந்தி? ஒரு தடவைகூட நான் கேட்டதில்லையே, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று. நீங்களும் சொன்னதில்லை. இரண்டு பேர் படுக்கிற வண்டியில் யாருடைய இடத்தில் நான் படுத்திருந்தேன்?

வெளியே வந்து படியில் உட்கார்ந்து மகனிடம் சொன்னார்கள். “எலேய், இத விக்க வேணாம்டா.”

“அம்மா, ஆள் பேசியாச்சு.”

“பேசுனா என்ன? வேணாம்னு சொல்லு. காந்தலூர்ல உங்க மாமன் தோட்டத்துல ஒரு ஓரமா கொண்டுபோயி நிறுத்து. நான் இதுல இருந்துக்கிறேன்.”

“நம்ம வீடு இருக்கும்போது வண்டிக்குள்ள எதுக்கும்மா இருக்கணும்? ஜனங்க என்ன சொல்லும்? ஆனை வரும், மழை வரும்…”

“ஆன எங்க வரல? லயத்துக்கு வராத ஆனையா? பக்கத்துலயே என் தம்பி வீடு. குளிக்க, மத்ததுக்கு அங்க போயிக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தினார்கள். “லயம் கம்பெனியோடது. கோயம்புத்தூர் வீடு உன்னோடது. நீ நல்லாத்தான் வச்சிருக்க, நான் குறை சொல்லல. இது ஒண்ணுதாண்டா உங்கப்பா வாங்குனது. சின்னதோ பெருசோ, இதுல எவனும் என்னைய எந்திரின்னு சொல்ல முடியாதுல்ல?”

பிரபு என் பக்கம் திரும்பினான். “நீங்க சொல்லுங்க, சார். அம்மா சொல்றது நடக்கிற காரியமா?”

என்னைக் கேட்கிறான். என்ன உரிமையில் சொல்வது? அன்று பந்தலுக்கு வெளியே நின்ற மாதிரியே இருந்தது. குடும்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியைப் பற்றிச் சொல்லலாம், அது எனக்குத் தெரியும்.

“தரை புதுசு தம்பி. மேல ஒழுகாது, குடம் குடமா ஊத்திப் பாத்துட்டோம். மழைக்கு மேல ஒரு தகரக் கொட்டாய் போட்டுட்டா பசை வெடிக்காது. நின்ன இடத்துலயே நிக்கிறதா இருந்தா முட்டுக் குடுத்துத் தூக்கி வெக்கோணும். டயரை மட்டும் மாத்திக் குடுங்க. வேற ஒண்ணும் பயமில்லை” என்றேன்.

அவன் உங்கள் மகன்தான். வேறு யாராவது இருந்தால், நான் கேட்டதற்கு இது பதிலா என்பார்கள். அவன், “டயர் என்ன சைஸ்?” என்று கேட்டான்.

விடுதிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று அவனே சொன்னான். அவர் கொஞ்சம் சத்தம் போட்டார் போலிருக்கிறது. தள்ளிப் போய்ப் பேசினான்.

டயரை மாற்றி, மழைக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். உடுமலை வழியாகத்தான் போனோம். ஜீப்பில் நானும் உங்கள் வீட்டம்மாவும். பிரபு பின்னால் காரில் வந்தான். கிளம்பும்போது எங்கள் வீட்டம்மா ஒரு கூடை மாம்பழத்தைத் தூக்கி ஜீப்பில் வைத்தாள். சுகன்யா பின்விளக்கு எரிகிறதா என்று பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “போயிட்டு வாங்க அத்தை” என்றாள். அத்தை என்றுதான் சொன்னாள்.

சின்னாறு சோதனைச் சாவடியில் வனக்காவலர் கையைக் காட்டினார். சின்ன வயசுப் பையன், வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

“இது ஆருடெ வண்டியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் வீட்டம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். “முன்னாடி இருக்கிற வண்டி எங்க அண்ணனோடது. பின்னாடி வர்ற வீடு என்னோடது.”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செரி, வீடு போகட்டே” என்று கட்டையைத் தூக்கினான்.

காந்தலூரில் அவர்கள் தம்பியின் பூண்டுக் காட்டு ஓரத்தில் இடம் பார்த்து நிறுத்தினோம். பிரபு மட்டம் பார்த்தான். நான் முட்டுக் கொடுத்தேன். தகரக் கொட்டகையும் போட்டாயிற்று. நான் கிளம்பும்போது அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. புது வீட்டுக்குக் காய்ச்சுகிற பால் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கொடுத்தார்கள். தேயிலைத் தூள் நன்றாகவே இருந்தது. நீங்கள் குறை கண்டுபிடித்திருப்பீர்கள்.

அந்தத் தம்பி ஒன்று சொன்னார்: ஓடாத வண்டிக்குச் சக்கரம் எதற்கு, கழற்றி விற்றுவிடலாமே என்று. உங்கள் வீட்டம்மா சம்மதிக்கவில்லை. “கெடக்கட்டும். போகணும்னு தோணுனா போகணும்ல” என்றார்கள். எங்கே போவார்கள், தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன். வருசா வருசம் எங்கள் தோப்பில் கடைசிக் காய் இறங்கினதும் மலைக்கு வருவேன். மேல் மூடியைப் பார்ப்பேன். பேரிங்கைக் கழற்றிக் கழுவி, கிரீஸை உள்ளே போகிற மாதிரி ஏற்றுவேன். அவர்கள் என்றைக்குப் போகலாம் என்று சொன்னாலும் அன்றைக்குச் சக்கரம் உருளும்.

என்றும் உங்கள் சம்பந்தி,
முதலமடை மாந்தோப்பிலிருந்து